வாய்தா வாங்கும் செல்கள்: நோயெதிர்ப்பு செல்களும் உயிர்காப்புப் புரதங்களும்

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வளர்ந்து ஆளாகும் இடம் அது. ஆளாகும் இடம் என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். உள்ளே வளரும் இளம் செல்களில் 100க்கு 95க்கும் மேல் வெளியே வருவதே இல்லை. அங்கேயே செத்து, பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல்களுக்கு இரையாகி, தடமில்லாமல் போய்விடுகின்றன. கிருமி தாக்கிச் சாகவில்லை. தங்களைத் தாங்களே கலைத்துக்கொள்கின்றன.

இதைப் படித்ததும் "ஏன் இத்தனை சாகின்றன?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் விளங்கும் என்பது என் கட்சி. நோயெதிர்ப்பு செல்களைப் பொறுத்தவரை சாவுதான் இயல்பு. காரணம் சொல்ல வேண்டியது உயிரோடு இருப்பதற்குத்தான்.

கோர்ட்டில் வாய்தா வாங்குவது தெரியும் அல்லவா? அதுதான் இங்கே நடக்கிறது. ஒவ்வொரு இளம் லிம்போசைட்டும் (டி செல்லும், ஆன்டிபாடி செய்யும் பி செல்லும் இந்த இனம்தான்) கையில் தீர்ப்போடுதான் பிறக்கிறது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது, தள்ளிப்போட மட்டுமே முடியும். இன்றைக்கு ஒரு வாய்தா, அது முடிவதற்குள் இன்னொன்று. அந்த வாய்தாக்களை வாங்கிக் கொடுக்கும் வக்கீல்கள்தான் உயிர்காப்புப் புரதங்கள்.

உடல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? டி செல்லும் பி செல்லும் தங்கள் ஏற்பியை, அதாவது கிருமியை அடையாளம் காணும் கருவியை, மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டுச் செய்துகொள்கின்றன. எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால் இப்படி ஒரு குருட்டாம்போக்கு ஏற்பாடு. குலுக்கலில் பல துண்டுகள் சரியாகப் பொருந்துவதே இல்லை. பொருந்தியவற்றிலும் பல எதற்கும் பயன்படாதவை. சில ஆபத்தானவை: அவை நம் உடலையே பகையாகப் பார்க்கும். இவ்வளவையும் கழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கொல்வதைவிட, "தேறியதற்கு மட்டும் வாய்தா" என்று வைத்துக்கொள்வது சுலபம்.

சரி, செல் எப்படிச் சாகிறது? இந்தத் திட்டமிட்ட சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972இல் கெர், வில்லி, கரீ என்ற மூவர் எழுதிய கட்டுரையில் அறிமுகமான சொல். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைக் குறிக்கும். இதன் முக்கியமான பாதை மைட்டோகாண்ட்ரியா வழியாகப் போகிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் அதே உறுப்புதான். அதன் வெளிச்சவ்வில் பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் துளை போடும். துளை விழுந்ததும் உள்ளே இருக்கும் சைட்டோகுரோம்-சி வெளியே கசியும். உள்ளே இருக்கும்வரை ஆற்றல் உற்பத்திக்கு உதவிய மூலக்கூறு, வெளியே வந்ததும் சாவுச் செய்தியாக மாறிவிடுகிறது. அப்புறம் காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு செல்லைத் துண்டு துண்டாக்கும். துளை விழுந்தபின் பெரும்பாலும் திரும்பி வர வழியில்லை.

ஆகவே சண்டையெல்லாம் துளை விழுவதற்கு முன்னால்தான். பேக்ஸையும் பேக்கையும் அடக்கி வைப்பவை உயிர்காப்புப் புரதங்கள். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1, பிசிஎல்-டபிள்யூ, ஏ1 என்று ஐந்து பெயர்கள் அடிக்கடி காதில் விழும். நமக்கு முதல் மூன்று போதும். இவற்றின் மேல்பரப்பில் நீளமான ஒரு பள்ளம் உண்டு. எதிர்த் தரப்பில் பிம், பூமா, நாக்சா போன்ற தூண்டிகள் இருக்கின்றன. (நாக்சா என்றால் லத்தீனில் கேடு. பெயர் வைத்தவர் ஒளிவுமறைவு இல்லாதவர்.) செல்லுக்குத் துன்பம் வந்தால் இந்தத் தூண்டிகள் பெருகும், போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். வக்கீலின் கை கட்டப்பட்டுவிடும், பேக்ஸும் பேக்கும் அவிழ்ந்துவிடும். மொத்தத்தில் இது எண்ணிக்கை விவகாரம். காப்பவை அதிகமா, தூண்டிகள் அதிகமா என்பதைப் பொறுத்துத்தான் செல்லின் ஆயுள்.

இந்தக் குடும்பத்தில் முதலில் சிக்கியது பிசிஎல்-2. அது சிக்கியது புற்றுநோயில். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற பி செல் புற்றுநோயில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருப்பது தெரிந்திருந்தது. 18இல் இருந்த ஒரு மரபணு, 14இல் ஆன்டிபாடி மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பி செல்லில் ஆன்டிபாடி மரபணு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பக்கத்தில் குடிவந்ததும் சேர்ந்து ஓட ஆரம்பித்தது. இடம் மாறிய அந்த மரபணுதான் பிசிஎல்-2.

அந்தக் காலத்தில் புற்றுநோய் மரபணு என்றால் செல்லைப் பெருகச் செய்வது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1988இல் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஐஎல்-3 என்ற வளர்ச்சிக் காரணி இல்லாவிட்டால் செத்துப்போகும் செல்களை எடுத்து, அவற்றுக்குள் பிசிஎல்-2ஐச் செலுத்தினார்கள். பிறகு ஐஎல்-3ஐ நிறுத்தினார்கள். செல்கள் பெருகவில்லை, ஆனால் சாகவும் இல்லை. சும்மா இருந்தன. அந்தச் "சும்மா இருந்தன" என்பதுதான் பெரிய செய்தி. வளர்வது வேறு, உயிரோடு இருப்பது வேறு, இரண்டுக்கும் தனித்தனிச் சாவி உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிசிஎல்-2 இல்லாமலே எலியைப் பிறக்க வைத்தால்? 1993இல் செய்து பார்த்தார்கள். லிம்போசைட்டுகள் முதலில் சரியாகவே உருவாயின. சில வாரங்களில் தைமஸும் மண்ணீரலும் வற்றிப்போயின. சிறுநீரகம் கெட்டது. ரோமம் நரைத்தது, ஏனென்றால் நிறமி செல்களுக்கும் அதே புரதம்தான் துணை. பின்னால் 2001இல், பிசிஎல்-2வோடு சேர்த்து பிம்மையும் நீக்கிய எலிகளைப் பார்த்தபோது இந்தக் கேடுகள் நீங்கியிருந்தன. தூண்டி இல்லாத இடத்தில் வக்கீல் எதற்கு?

சரி, இனி ஒரு டி செல்லின் பின்னாலேயே நடந்து போவோம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து தைமஸுக்குள் நுழையும் செல்லிடம் இன்னும் ஏற்பி கிடையாது. தன் தகுதியைக் காட்ட அதனிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டத்தில் அதைக் காப்பது தைமஸ் சுவர்களில் உள்ள செல்கள் சுரக்கும் ஐஎல்-7 என்ற சமிக்ஞை. ஐஎல்-7 வந்து தட்டினால் செல்லுக்குள் பிசிஎல்-2 கூடும். எம்சிஎல்-1உம் வேண்டும்: அதை இந்தக் கட்டத்தில் நீக்கினால் டி செல், பி செல் இரண்டின் வளர்ச்சியும் ஆரம்பத்திலேயே நின்றுவிடும் என்று 2003இல் காட்டினார்கள்.

ஐஎல்-7 இந்தச் செல்லுக்கு "நீ டி செல்லாக மாறு" என்று கட்டளை இடுகிறதா, அல்லது "சாகாதே" என்று மட்டும் சொல்கிறதா? ஐஎல்-7 ஏற்பி இல்லாத எலிகளில் டி செல்கள் மிகக் குறைவு. 1997இல் இரண்டு குழுக்கள் அந்த எலிகளுக்குப் பிசிஎல்-2ஐ மட்டும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தன. டி செல்கள் பெருமளவு திரும்பி வந்தன. அதாவது, டி செல்லாக எப்படி மாறுவது என்பது அந்தச் செல்லுக்கே தெரியும். அதற்குத் தேவைப்பட்டது அவகாசம்தான். ஆனால் அதே வித்தை பி செல்களிடம் பலிக்கவில்லை. எலியின் பி செல்லுக்கு ஐஎல்-7 வெறும் வாய்தாவுக்கு மேல் வேறு ஏதோ தருகிறது. மனிதரிடம் கதை இன்னும் கொஞ்சம் மாறும்: ஐஎல்-7 ஏற்பியின் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு டி செல்கள் இருக்காது, பி செல்கள் இருக்கும். கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு என்று இதைச் சொல்வார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் சாதாரணத் தொற்றே உயிரைப் பறித்துவிடும். எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்த கட்டம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

செல் இப்போது சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களையும் ஒன்றாக அணிந்திருக்கிறது. ஏற்பியின் ஒரு பாதியான பீட்டா சங்கிலி தயார். மறுபாதியான ஆல்ஃபா சங்கிலியைச் செய்ய வேண்டும். விசித்திரம் என்னவென்றால், தேர்வு நடக்கும் இந்த நேரம் பார்த்துப் பிசிஎல்-2 ஒதுங்கிக்கொள்கிறது. அதன் அளவு சரிந்துவிடும். பழைய வக்கீல் போய், பிசிஎல்-எக்ஸ்எல் வழக்கைக் கையில் எடுக்கிறது. அதை வரவழைப்பது ஆர்ஓஆர்-காமா-டி என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம். இந்த ஏற்பாட்டில் செல்லுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நாள். அதற்குள் பயனுள்ள ஏற்பி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் யாரும் அதைக் கொல்வதில்லை. கவனிக்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான செல்கள் போவது இந்தப் புறக்கணிப்பில்தான்.

மூன்று நாளில் என்ன செய்ய முடியும்? ஆல்ஃபா சங்கிலியின் மரபணுவில் ஜே துண்டுகள் சுமார் 60 வரிசையாக நிற்கின்றன. செல் முதலில் வரிசையின் முன்பகுதியில் உள்ளவற்றை இணைத்துப் பார்க்கும். அது தேர்வில் பலிக்கவில்லையா, அதை வெட்டி எறிந்துவிட்டு இன்னும் தள்ளி இருப்பதை இணைக்கும். அதுவும் சரியில்லையா, இன்னும் தள்ளி. ஒரே செல் இப்படிப் பல முறை முயற்சி செய்யலாம். உயிர் இருக்கும்வரை.

இங்கேதான் உயிர்காப்புப் புரதம் வெறும் காவல்காரனாக இல்லாமல் வேறு ஒரு வேலையும் செய்கிறது. 2002இல் வெளியான ஒரு ஆய்வில், ஆர்ஓஆர்-காமா-டி இல்லாமல் ஆயுள் குறைந்த செல்களைப் பார்த்தார்கள். அவற்றின் ஏற்பிகளில் வரிசையின் முன்பகுதித் துண்டுகளே நிறைந்திருந்தன. கடைக்கோடித் துண்டுகளை எட்டுவதற்குள் செல் செத்துவிட்டிருந்தது. மாறாக, பிசிஎல்-எக்ஸ்எல்லைக் கூட்டி ஆயுளை நீட்டியபோது கடைக்கோடித் துண்டுகள் அதிகம் பயன்பட்டன. பிசிஎல்-எக்ஸ்எல் எந்த மரபணுத் துண்டையும் தொடுவதில்லை. எந்த ஏற்பியையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் அது தரும் நாட்களின் எண்ணிக்கைதான் நம் உடலில் எந்தெந்த ஏற்பிகள் இருக்கும் என்பதை ஒரு பகுதி தீர்மானிக்கிறது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற சாட்சி உண்டு. டி செல்களில், மாறா ஏற்பி கொண்ட என்கேடி செல்கள் என்று ஒரு சிறு இனம் இருக்கிறது. எலியில் இவற்றின் ஏற்பிக்கு ஜே வரிசையின் பின்பகுதியில் உள்ள 18ஆம் எண் துண்டுதான் (எண்கள் கடைசியிலிருந்து தொடங்குகின்றன) வேண்டும். ஆர்ஓஆர்-காமா-டி இல்லாத எலிகளில் இந்த இனமே காணாமல் போகிறது. பிசிஎல்-எக்ஸ்எல்லைக் கூடுதலாகக் கொடுத்தால் திரும்பி வருகிறது. நேரம் போதாமல் ஒரு செல் இனமே இல்லாமல் போயிருக்கிறது!

ஏற்பி பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். அது நம் உடலின் அடையாளப் புரதங்களை மென்மையாகத் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருந்தால் செல்லுக்குத் தேர்ச்சி. பிசிஎல்-2 மறுபடி ஏறும். செல் சிடி4 அல்லது சிடி8 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதிரும். ஆனால் நம் உடலின் பொருள்களை அளவுக்கு மீறி இறுகப் பிடித்தால், செல்லுக்குள் பிம் பெருகும். அதோடு அந்தச் செல்லின் கணக்கு முடிந்தது. 2002இல் பிம் இல்லாத எலிகளில் பார்த்தபோது, இப்படிச் சாகவேண்டிய தன்னெதிர்ப்பு செல்கள் சாகாமல் தங்கியிருந்தன. புறக்கணிப்பில் சாவது வேறு, இது வேறு. இங்கே எதிர்த் தரப்பே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறது.

தைமஸை விட்டு வெளியே வந்த பிறகும் டி செல்லுக்கு நிரந்தர விடுதலை கிடையாது. ஓய்வில் சுற்றும் டி செல்லுக்கு ஐஎல்-7 தொடர்ந்து கிடைத்தாக வேண்டும். தொற்று வந்தால் பெருகிப் படையாகும், தொற்று அடங்கியதும் அந்தப் படையில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போகும். அதிலும் பிம்முக்குப் பெரிய பங்கு உண்டு. மிஞ்சுபவை நினைவு செல்கள். ஐஎல்-7, ஐஎல்-15 இரண்டின் தயவிலும், நிறைய பிசிஎல்-2வின் துணையிலும் அவை காலம் தள்ளும்.

பி செல்களின் கதை எலும்பு மஜ்ஜையில் இதே மாதிரிதான் தொடங்குகிறது, அதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரு புது ஆள் மட்டும் உண்டு: பாஃப். மஜ்ஜையிலிருந்து மண்ணீரலுக்கு வரும் இளம் பி செல், பாஃப் என்ற சமிக்ஞை கிடைத்தால்தான் முதிர முடியும். பாஃப் ஓரளவுதான் சுரக்கும், அதற்குப் போட்டி உண்டு. பாஃப் இல்லாத எலிகளில் முதிர்ந்த பி செல்கள் அநேகமாக இல்லை. பாஃப் மிதமிஞ்சிய எலிகளுக்கு லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருகிறது. போட்டி தளர்ந்ததும், தோற்றிருக்க வேண்டிய செல்களும் தப்பிவிடுகின்றன. பாஃப்பைத் தடுக்கும் பெலிமுமாப் என்ற மருந்தை லூபஸுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

வக்கீல் கெட்டிக்காரராக இருந்தாலும் ஆபத்துதான் என்பது இதிலேயே தெரிகிறது. பி செல்களில் பிசிஎல்-2ஐ வலுக்கட்டாயமாக ஓடவிட்ட எலிகளில் ஆன்டிபாடி உற்பத்தி நீண்டுகொண்டே போய், தன்னெதிர்ப்பு நோய் வந்தது என்று 1991இலேயே எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய்க்கும் இதே பாதையில் ஒரு வாசல் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முன்பு சொன்ன 14-18 குரோமோசோம் மாற்றம், எந்த நோயும் இல்லாத பலரின் ரத்தத்திலும் சில செல்களில் தென்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்ஃபோமா வருவதில்லை. சாகாமல் இருப்பது மட்டுமே புற்றுநோய் ஆகாது. சாகாமல் இருக்கும் செல்லுக்கு மற்ற பிழைகளைச் சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது, அதுதான் சிக்கல். இங்கேயும் நேரம்தான்.

லிம்போசைட்டுகளை விட்டு நியூட்ரோஃபில்களுக்கு வந்தால் காட்சியே வேறு. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பான்மை இவைதான். வளர்ந்த மனித உடல் ஒரு நாளில் செய்யும் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை பத்தாயிரம் கோடி அளவில் இருக்கும். ரத்தத்தில் அவற்றின் வாழ்வு மணிக்கணக்கில்தான். கிருமியைக் கொல்லும் ரசாயனங்களைச் சுமந்து திரியும் செல் நீண்ட நாள் வாழ்வது உடலுக்கு நல்லதல்ல. இவை நம்பியிருப்பது எம்சிஎல்-1ஐ. அந்தப் புரதத்தின் குணமும் அப்படித்தான்: மற்ற உயிர்காப்புப் புரதங்களைப் போல நின்று நிதானிக்காது. செய்த சில மணி நேரத்துக்குள், பல செல்களில் அதற்கும் முன்பே, செல் அதைச் சிதைத்துவிடும். புதிதாகச் செய்துகொண்டே இருந்தால்தான் உண்டு. தொற்று நடக்கும் இடத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற சமிக்ஞைகள் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை எம்சிஎல்-1 தங்கும், நியூட்ரோஃபிலும் தங்கும். எலியின் நியூட்ரோஃபில்களிலும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களிலும் எம்சிஎல்-1ஐ நீக்கினால் நியூட்ரோஃபில்கள் அருகிப்போகின்றன, ஆனால் மேக்ரோஃபேஜ்கள் அசராமல் இருக்கின்றன. இரண்டும் ஒரே மூதாதை செல்லிலிருந்து பிரிந்தவை. பிரிந்தபின் ஆளுக்கொரு வக்கீல்.

யாருக்கு எந்த வக்கீல் என்ற பட்டியல், மருந்து செய்பவர்களுக்கு ரொம்ப முக்கியமாகிவிட்டது. பள்ளத்தில் பிம் போய் உட்காரும் என்றேன் அல்லவா? அதே பள்ளத்தில் ஒரு சிறு மூலக்கூறை உட்கார வைத்தால்? அப்படிப் பிறந்ததுதான் வெனெட்டோகிளாக்ஸ். பிசிஎல்-2வின் பள்ளத்தை மட்டும் அடைக்கும். நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முந்தைய மருந்தான நேவிட்டோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்து அடைத்தது. ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் உயிர் வாழ்வது பிசிஎல்-எக்ஸ்எல்லை நம்பி என்பதால் தட்டுகளின் எண்ணிக்கை சரிந்தது. வெனெட்டோகிளாக்ஸ் அந்தத் தொல்லையைத் தவிர்த்தது, ஆனாலும் ஆரோக்கியமான லிம்போசைட்டுகளும் நியூட்ரோஃபில்களும் குறைவதைத் தவிர்க்க முடியவில்லை. எம்சிஎல்-1ஐத் தடுக்கும் மருந்துகளும் சோதனைக்கு வந்தன. இதயத் தசைக்கும் அந்தப் புரதம் வேண்டும் என்பதால், இதயம் பாதிக்கப்படலாம் என்ற கவலையில் சில சோதனைகளை நிறுத்தினார்கள்.

எம்சிஎல்-1ஐக் குறிவைத்ததற்கு முக்கியக் காரணம் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய். அது பிளாஸ்மா செல்லின் புற்றுநோய். பி செல் கடைசியில் எடுக்கும் வடிவம்தான் பிளாஸ்மா செல். அதன் ஒரே வேலை ஆன்டிபாடி சுரப்பது. தடுப்பூசியோ தொற்றோ வந்துபோன பிறகு இவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறி, அங்கேயே பல பத்தாண்டுகள் இருக்கும். சிறுவயதில் வந்த அம்மைக்கு எதிரான ஆன்டிபாடி முதுமையிலும் ரத்தத்தில் இருப்பதற்கு இவையும் ஒரு காரணம். மஜ்ஜையில் அக்கம்பக்கத்து செல்கள் அனுப்பும் சமிக்ஞை, பிளாஸ்மா செல்லின் பிசிஎம்ஏ என்ற ஏற்பியில் வந்து சேர்கிறது. அந்தச் சமிக்ஞையால் செல்லுக்குள் உருவாவது எம்சிஎல்-1. அத்தனை வருடம் வாழும் செல், ஒரு பொழுதுகூட நிற்காத அந்தப் புரதத்தைத்தான் நம்பியிருக்கிறது. பழையது சிதையச் சிதையப் புதியதைச் செய்துகொண்டே, அது அடுத்த வாய்தாவை வாங்குகிறது.